பங்கு போட முடியாத பத்து சென்டிமீட்டர்

யாஜிமா கிசேயைப் பற்றி எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் "அவளா?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அந்த "அவளா"வில் பாதி எரிச்சல், பாதி பயம். எனக்கு இரண்டும் உண்டு. கூடவே கொஞ்சம் வெட்கமும் உண்டு. அதற்கான காரணத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பதினான்கு வயதில் ஒகாயாவின் பட்டுநூல் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தவள் கிசே. அங்கே நூல் ஒரு மயிரளவு தடித்து எடை கூடிவிட்டால் போதும், மேற்பார்வையாளன் கூலியில் கைவைப்பான். மற்றப் பெண்கள் தங்கள் நூலைச் சந்தேகப்பட்டு அழுதார்கள். இவள் அவன் தராசைச் சந்தேகப்பட்டாள். ஒருநாள் எல்லோரும் பார்க்க அந்தத் தராசைக் கவிழ்த்து, தட்டின் அடியில் ஒட்டியிருந்த மெழுகை நகத்தால் சுரண்டிக் காட்டினாள். மறுவாரமே வேலை போயிற்று. மெழுகும் போயிற்று என்று பின்னால் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

கல்யாணமும் அதே கதிதான். நகோயாவுக்கு வேலை தேடிப் போன புருஷன் அங்கேயே இன்னொருத்தியோடு குடித்தனம் வைத்துவிட்டான். துக்கம் விசாரிக்கப் போனவர்களிடம், "ரெண்டு தடவை அளந்து பாத்துட்டேன். ரெண்டு தடவையும் குறைச்சல்தான். போகட்டும்" என்றாள். போனவர்கள் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் தேநீரைக் குடித்துவிட்டு வந்தார்கள்.

நகராட்சி எங்கள் வட்டாரத்தின் நிலங்களை அளக்க ஆரம்பித்தபோது கிசேவுக்கு நாற்பத்தைந்து வயது. தினக்கூலிக்கு டேப் பிடிக்க வந்தாள். எங்கள் குழுத் தலைவர் உஷியாமா. கோணம் பார்க்கும் கருவியை அவரைத் தவிர யாரும் தொடக் கூடாது. நான் மியாசகா, குறிப்பேடு எழுதுகிறவன். கிசே டேப்பின் ஆரம்ப முனையைக் கல்லின்மேல் பிடிப்பாள். மறுமுனையில் ஒருவன் இழுத்து அளவை வாசிப்பான். அவன் வாசித்ததை நான் எழுதுவேன்.

வேலை என்னவோ எளிதுதான். ஒரு கல்லிலிருந்து புறப்பட்டு, கல் கல்லாக அளந்துகொண்டே தெருக்களைச் சுற்றி, புறப்பட்ட கல்லுக்கே திரும்பி வர வேண்டும். கால் சரியாக அந்தக் கல்லின்மேல்தான் நிற்கும். கணக்கு மட்டும் நிற்காது, கொஞ்சம் தள்ளித்தான் விழும். மனிதன் கை நடுங்கும், டேப் தொய்யும், வெயிலில் எஃகு நீளும். இந்தச் சின்னப் பிழைகளை எல்லாக் கோடுகளுக்கும் நீளத்துக்கு ஏற்றபடி பங்கு போட்டு இடைவெளியை மூடுவது வழக்கம். அதில் தப்பு ஒன்றும் இல்லை. இதை மறைக்கிறோம் என்று நினைக்கிறவனுக்கு அளவைத் தொழிலே தெரியாது.

1972 வசந்தத்தில் எங்கள் டேப்பின் முனை ஒரு வண்டிச் சக்கரத்தில் மாட்டி முறிந்தது. முனை போனால் என்ன, பத்து சென்டிமீட்டர் கோட்டைக் கல்லின்மேல் வைத்து அளந்துவிட்டு, வந்த அளவில் பத்தைக் கழித்தால் போயிற்று. கிசே ஒவ்வொரு முறையும் "பத்து வெட்டு!" என்று தெருவே அதிரக் கத்துவாள். நான் அப்போதைக்கு அப்படியே எழுதிக்கொண்டு, மாலையில் பக்கம் பக்கமாகக் கழிப்பேன். மூன்றாம் நாள் புது டேப் வந்தது. கழிக்கும் தொல்லை விட்டது.

இங்கேதான் என் வெட்கம். பழைய டேப்பில் கடைசியாக அளந்த கோடு புதுப் பக்கத்தின் முதல் வரியில் இருந்தது. அதன் கீழே இருந்ததெல்லாம் புது டேப்பின் அளவுகள். அந்தப் பக்கத்துக்குக் கழித்தல் தேவையில்லை என்று நினைத்து முழுதாக விட்டுவிட்டேன்.

கோடுகள் மொத்தம் எட்டு. அந்தக் கோடு மூன்றாவது. சந்து வழியாகத் தெற்கே இறங்கி, தமேகிச்சியின் தோஃபு கடை மூலையில் முடியும். தமேகிச்சி அறுபது வயதுத் தனியாள். ஒரு ஈயைக்கூட அதட்டத் தெரியாத மனிதர். கடையின் முன்சுவரை ஒட்டித்தான் சோயா வேகவைக்கும் அடுப்பையும் அண்டாவையும் சிமெண்டு போட்டுப் பதித்திருந்தார். வரைபடம் தயாரானபோது அந்தச் சுவர் சாலைக் கோட்டுக்கு வெளியே ஐந்து சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தது. சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள். சுவர் போனால் அடுப்பு போகும், அடுப்பு போனால் கடை போகும்.

வட்டாரக் கூடத்தில் வரைபடத்தை விரித்து, சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு, கையெழுத்துக்குப் பதிலாக அவரவர் முத்திரையை வாங்கும் நாள் வந்தது. எங்கள் பக்கத்தில் இதில் யாரும் தகராறு செய்வதில்லை. பக்கத்து வீட்டுக்காரன் முத்திரை குத்திவிட்டால் நாமும் குத்திவிட வேண்டும். ஒருவர் மறுத்தால் அந்த வரிசை முழுவதும் "எல்லை முடிவாகவில்லை" என்று நின்றுவிடும். அப்புறம் அந்த மனிதர் ஊர்ப் பொதுக் குளியல் கூடத்தில்கூடத் தனியாகத்தான் உட்கார வேண்டும்.

கிசே தேநீர் ஊற்ற வந்தவள். உஷியாமாவின் கணக்குத் தாளை எட்டிப் பார்த்தாள். இடைவெளியை அவர் பெரிதாக்கி ஒரு அம்புக்குறியாக வரைந்து வைத்திருந்தார். கெட்டிலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்:

"தலைவரே, இந்த இடைவெளி எவ்ளோ?"

"பத்து சென்டிமீட்டர் எட்டு மில்லி. பதினஞ்சு வரைக்கும் அனுமதி உண்டு. பங்கு போட்டு மூடியாச்சு. நீ தேநீரைப் பாரு."

"இந்த அம்பு எந்தப் பக்கம் சாயுதுன்னு பாத்தீங்களா? தோஃபு கடைச் சந்து மாதிரியே நேரா தெற்கே இறங்குது. எட்டுக் கோட்டுலயும் கொஞ்சம் கொஞ்சமா தப்பு நடந்திருந்தா அது ஏன் ஒரே சந்து வழியா ஓடணும்?"

யாரோ சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்தச் சந்தைப் பற்றிக் கேட்டதுமே குறிப்பேட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"அன்னிக்கு நான் அந்த சாக்கடையில முட்டிக்கால் போட்டு உக்காந்து பத்து வெட்டுன்னு கத்தினேன். புது டேப் வந்தது மறுநாள் காலையில. கிடங்குல கையெழுத்துப் போட்டு வாங்கினதே நான்தான். மியாசகா-சான், குறிப்பேட்டை எடுங்க. அந்த வரியில பத்தைக் கழிச்சீங்களா?"

எடுத்தேன். நாற்பத்து மூன்று மீட்டர் இருபத்தேழு சென்டிமீட்டர். போகும்போதும் அதே, வரும்போதும் அதே. கழித்த அடையாளம் இல்லை. ஆனால் வாயைத் திறந்து அதை ஒப்புக்கொள்ள வந்ததா? வரவில்லை. "ரெண்டு தடவை அளந்திருக்கு. ரெண்டும் ஒத்துப்போகுது" என்றேன். இன்றைக்கு நினைத்தாலும் என்னையே நாலு அறை விடலாம்போல இருக்கிறது.

"ஒரே முறிஞ்ச டேப்ல ரெண்டு தடவை அளந்தா ஒரே பொய் ரெண்டு தடவை வரும். ஒத்துப்போனா உண்மையாயிடுமா?"

உஷியாமாவின் கழுத்து சிவந்தது. "வெயில்ல டேப் நீளும், காத்துல தொய்யும். நீ எத்தனை வருஷம் படிச்ச?"

"வெயில்ல நீளும். அரிசி மணி அளவு நீளும். ஒரு சாண்ல பாதி நீளுமா? சின்னச் சின்னத் தப்புன்னா பங்கு போடுங்க, நான் வாயே திறக்கல. இது மறதி. மறதியைக் கண்டுபிடிச்சு எடுக்கணும். திருடினவன் ஒருத்தன், ஜெயில் எட்டுப் பேருக்கா?"

அரிசிக்கடைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். "கிசே-சான், அனுமதிக்குள்ள இருக்குன்னு படிச்சவங்களே சொல்றாங்க. எல்லாரும் வேலையைப் போட்டுட்டு வந்திருக்கோம். தமேகிச்சி-சான், நீங்க குத்துங்க. உங்களுக்காகத்தான் காத்திருக்கோம்."

தமேகிச்சி முத்திரையைச் சிவப்பு மையில் தொட்டுவிட்டார். "பெரியவங்க அளந்தது தப்பா இருக்காதும்மா. நான் ஒருத்தன் எல்லாருக்கும் தொந்தரவா இருக்க வேணாம்."

"முத்திரையைக் கீழ வைங்க."

"கிசே-சான்..."

"கீழ வைங்கன்னேன்! உங்க அடுப்பை உடைச்சுட்டு இவங்களுக்கு மரியாதையா தலைகுனியப் போறீங்களா? குனிஞ்சு குனிஞ்சுதான் உங்க முதுகு இப்படி ஆச்சு."

உஷியாமா எழுந்து வரைபடத்தின்மேல் விரலை வைத்தார். அவர் குரல் இப்போது மென்மையாக இருந்தது. அதுதான் ஆபத்து.

"சரி. பத்துல மூணு பங்கு போட்டதுலயே சரியாயிடுச்சு. மீதியையும் நீ சொல்ற மாதிரி திருத்தினா, சாலைக் கோடு அப்படியே இருக்க, இந்த மூலையில எல்லாமே ஏழு சென்டிமீட்டர் வடக்கே நகரும். தோஃபு கடை தப்பிக்கும். எதிர்வரிசையில யாரு வீடு?"

எல்லோரும் கிசேயைப் பார்த்தார்கள். எதிர்வரிசையில், தோஃபு கடைக்கு நேர் எதிரே இருந்தது அவள் வீடு. போன இலையுதிர் காலத்தில்தான் சாலையோரம் ஒரு கல்சுவர் எழுப்பியிருந்தாள். கொத்தனாரைக்கூட வைத்துக்கொள்ளாமல், ஞாயிற்றுக்கிழமைகளில் தானே ஒவ்வொரு கல்லாக அடுக்கியது. லாரிகள் வாரியடிக்கும் பனிச்சேற்றிலிருந்து வாசலைக் காத்தது அந்தச் சுவர்தான்.

"இந்தப் படத்துல உன் சுவர் கோட்டுக்கு உள்ளே நாலு சென்டிமீட்டர். ஏழு வடக்கே வந்தா வெளியே மூணு. அப்போ அது சாலையில நிக்கும். நல்லா யோசிச்சுக்கோ."

அந்தக் கணக்கை அவள் கெட்டிலைக் கீழே வைக்கும்போதே போட்டு முடித்திருந்தாள் என்று எனக்குத் தோன்றியது. முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை.

"யோசிச்சாச்சு. டேப்பை எடுங்க."

"நாளையிலேருந்து நீ வேலைக்கு வர வேணாம்."

"நாளைக்குத்தானே வேணாம்? இன்னிக்கு இன்னும் பாதி நாள் இருக்கு. அந்தக் கூலிக்கு நான் டேப் பிடிச்சே ஆகணும்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு நாக்கு வந்தது. "கழிக்கல. நான்தான் மறந்துட்டேன்" என்றேன். கிசே என்னைத் திரும்பிப் பார்த்து, "இதைச் சொல்ல இவ்ளோ நேரமா?" என்றாள். நன்றி என்று ஒரு வார்த்தை? கிடையாது.

கூடமே திரண்டு சந்துக்கு நடந்தது. உஷியாமா வேறு வழியில்லாமல் வந்தார். கிசே சும்மா அளக்க விடவில்லை. புது டேப் வேண்டும் என்றாள். இழுப்பு மாறாமலிருக்கத் தராசுக் கொக்கி மாட்டச் சொன்னாள். டேப்பின் பக்கத்தில் வெப்பமானி வைக்கச் சொன்னாள். இந்த முறை தோஃபு கடை மூலையிலிருந்து மேலே அளக்கச் சொன்னாள். முனையை அரிசிக்கடைக்காரர் கையில் கொடுத்தாள். "நீங்க பிடிங்க. நான் பிடிச்சா நான் தள்ளிட்டேன்னு சொல்வாங்க." அவர் பட்டு உடையோடு அந்தச் சாக்கடையில் முட்டிக்கால் போட்டார். அதைப் பார்க்கவாவது நான் நாலு முறை அளந்திருப்பேன்.

நாற்பத்து மூன்று மீட்டர் பதினாறரை சென்டிமீட்டர். வெயிலுக்குத் திருத்தினால் பதினேழு. சுத்தமாகப் பத்து குறைவு.

அங்கேயே ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உஷியாமா கணக்கைத் திரும்பப் போட்டார். அவரைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும், எண்களில் அவர் பொய் சொல்ல மாட்டார். இடைவெளி எட்டு மில்லியாகச் சுருங்கியது. "இதைப் பங்கு போடுங்க" என்றாள் கிசே, ஏதோ அவள்தான் அனுமதி கொடுப்பதுபோல. தோஃபு கடைச் சுவர் கோட்டுக்கு உள்ளே இரண்டு சென்டிமீட்டரில் நின்றது. தமேகிச்சி சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். கிசே அவர் முதுகில் ஒரு தட்டு தட்டி, "நிமிருங்க" என்றாள்.

பிறகு சாலையைக் கடந்து போனாள். தன் சுவரையும் அளக்கச் சொன்னாள். வாசிப்பவன் தயங்கினான். அவள் டேப்பைப் பிடுங்கித் தானே வாசித்தாள், தெருவே அதிர: "வெளியே மூணு சென்டிமீட்டர்!"

எழுப்பிய சுவரை மூன்று சென்டிமீட்டர் சீவ முடியாது. உடைத்தால் முழுவதையும்தான் உடைக்க வேண்டும். அதை உஷியாமாவும் பார்த்தார். கிசேயின் பக்கத்தில் வந்தார். மனிதர் உண்மையாகவே இறங்கி வந்தார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

"கிசே-சான், மூணு சென்டிமீட்டர் அனுமதிக்குள்ளதான். சுவர் கோட்டுமேலேயே இருக்குன்னு எழுதிடலாம். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நீ நாளைக்கும் வேலைக்கு வா."

தெருவில் எல்லோரும் தலையாட்டினார்கள். அரிசிக்கடைக்காரர்கூட, சேறு சொட்டும் முட்டிகளோடு. தமேகிச்சி கும்பிடாத குறையாக, "எழுதட்டும்மா, எழுதட்டும்" என்றார்.

"அனுமதி உங்க கை நடுங்குறதுக்குக் குடுத்தது" என்றாள் கிசே. "நடுங்காம அளந்து, மூணுன்னு தெரிஞ்சப்புறம் அதுக்குள்ள ஒளிஞ்சுக்கறதுக்கு இல்ல. இவரை அஞ்சு சென்டிமீட்டருக்கு உடைக்கச் சொன்னீங்க. என்னை மூணுக்கு விட்டுடுவீங்களா? எழுதுங்க மியாசகா-சான். வெளியே மூணு. இந்தத் தடவையாவது ஒழுங்கா எழுதுங்க."

எழுதினேன். எழுதியதை உரக்க வாசித்தும் காட்டினேன். அவள் தன் முத்திரையை அந்த வரியின் பக்கத்தில் அழுத்திக் குத்தினாள். பிறகு வீட்டுக்குள் போய்ச் சம்மட்டியோடு வந்தாள். போன இலையுதிர் காலத்தில் கடைசியாக வைத்த கல்லிலிருந்துதான் ஆரம்பித்தாள். முதல் அடியில் அது அசையவில்லை. அவ்வளவு நன்றாகக் கட்டியிருந்தாள். இரண்டாவது அடியில் விழுந்தது. நான் குறிப்பேட்டை மூடி வைத்துவிட்டுக் கல் பொறுக்கப் போனேன்.