நாற்பத்தொன்றாவது பெட்டி

அவர் பல்கலைக்கழகத்தில் அல்காரிதம் ஆராய்பவர். ஒல்லியான உருவம், கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை. எங்கள் தொண்டர் குழுவுக்காக சிங்கப்பூரின் மார்சிலிங் வட்டார வரைபடத்தின்மேல் பத்துக் காசு நாணயத்தை வைத்து வட்டம் போட்டுக்கொண்டே இருப்பார். மாரடைப்பில் இதயம் நின்றவருக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் பெட்டியை ஓடிப்போய் எடுத்துவரக்கூடிய தூரம்தான் ஒரு வட்டம். எல்லா அடுக்குமாடி புளோக்கும் வட்டங்களுக்குள் அடங்க நாற்பத்தொரு பெட்டிகள் போதும் என்றார்.

நன்கொடையாளரோ நாற்பதுதான் தருவதாகச் சொன்னார். தேக்கா உணவுக்கடையில் ஆராய்ச்சியாளரிடம் கெஞ்சினேன்.

"நாற்பதுல முடியாதுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க சார். அவரு இன்னொண்ணு குடுத்துடுவாரு."

"அது எனக்கே தெரியாதே."

"மூணு வாரமா கம்ப்யூட்டர் ஓடுதே?"

"கிட்டத்தட்ட சரியான விடை சீக்கிரம் வந்துடும். அதுக்குக் கீழ போக முடியாதுன்னு சொல்லணும்னா எல்லா வழியையும் பார்க்கணும். நம்ம ஆயுசு பத்தாது லா."

"அவரு என்ன, சரிபார்க்கவா போறாரு?"

"நான் பார்ப்பேன்ல."

எரிச்சலில் தேநீரைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தேன்.

நாற்பது பெட்டிகளே வந்தன. அவரே ஒன்றைக் குறைத்துப் புதிய வரைபடம் அனுப்பினார். ஒரே ஒரு புளோக் வெளியே நின்றது. குழுவின் முகவரிப் பட்டியலில் பார்த்தேன். அது அவர் குடியிருக்கும் புளோக்.

அந்த ஒரு வரியை எழுதித் தராததற்காக அவர்மேல் எனக்குள்ள கோபம் இன்னும் தீரவில்லை. ஞாயிறுதோறும் நாணயத்தை எடுத்து எல்லா புளோக்கையும் நாற்பது வட்டங்களுக்குள் அடக்கப் பார்க்கிறேன். இதுவரை அடங்கவில்லை. ஆனால், முடியாது என்று நாட்குறிப்பில் எழுத எனக்கும் கை வரவில்லை.