எதுமுந்தி அக்கா

ஸ்டேப்ளரை மேசை நடுவில் வைத்துவிட்டுக் கோந்து பாட்டிலை அதற்கு இடப்பக்கம் வைப்பாள். பிறகு வலப்பக்கம் மாற்றுவாள். மறுபடியும் இடப்பக்கம். எதிரே நிற்பவர் பொறுமையிழந்து கால் மாற்றி நிற்கும்போது மெல்லக் கேட்பாள்: "இதுல எதுங்க முந்தி?"

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் அலுவலக அறையில், தண்ணீர்க் கேனுக்கும் ஜன்னலுக்கும் நடுவே அவளுடைய மேசை. தொழிற்சாலையில் யாருக்கு அடிபட்டாலும், நடந்ததைக் கணினியில் ஆங்கிலத்தில் அடித்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவது அவள் வேலை. கேட்டுக் கேட்டுக் கேள்வியே பெயராகிவிட்டது: எதுமுந்தி அக்கா. நேரில் அப்படிக் கூப்பிட்டாலும் கோபித்துக்கொள்ள மாட்டாள். கோபம் வருவதற்குள் பயம் வந்துவிடும்.

பயம் அவள் கூடப் பிறந்தது. பூட்டிய கதவைத் தெருமுனையிலிருந்து திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பாள். முதுகுவலியால் ஆறு மாதமாக வீட்டோடு கிடக்கும் வீட்டுக்காரர், "அடுப்ப அணைச்சியா, இல்ல அணைச்சிருந்தியா?" என்று கிண்டல் செய்வார். அவள் சிரிக்க மாட்டாள். எழுந்து போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வருவாள்.

எல்லாப் பயத்துக்கும் தாய், ஆங்கிலத்தில் 'ஹேட்' (had) என்ற அந்தச் சின்னச் சொல். அவள் ஆங்கிலம் படித்த மாலை வகுப்பு வாத்தியார் எளிதாகத்தான் சொல்லிக் கொடுத்தார். நடந்ததைச் சொல்ல வெறும் இறந்தகாலம் போதும். அதற்கும் முன்பே நடந்து முடிந்ததைச் சொல்ல ஹேட் வேண்டும். கழற்றினார், கழற்றியிருந்தார் என்கிற மாதிரி. 'முன்பு', 'பிறகு' என்று வரிசை காட்டும் சொல் கூடவே இருந்தால் ஹேட் இல்லாமலும் சமாளிக்கலாம் என்றார். சமாளிப்பதில் அக்காவுக்கு நம்பிக்கை இல்லை.

அடிபட்டவர்கள் கதையை வலியிலிருந்துதான் தொடங்குவார்கள். முதலில் ரத்தம், அப்புறம் கை, காலையில் நடந்தது கடைசியில்தான் வரும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், சுமை தூக்கும் ஒருவர் சொன்னதை அவர் சொன்ன வரிசையிலேயே அடித்து அனுப்பிவிட்டாள். விழுந்தார், ஏணி உடைந்தது. ஏணி முதல் நாளே உடைந்திருந்தது. மேலே படித்தவர்களோ, அவர் விழுந்துதான் ஏணி உடைந்தது என்று முடிவு கட்டினார்கள். அடுத்த மாதம் அவருக்கு வேலை இல்லை. போகும்போது அவள் மேசைக்கு வந்து, "பரவால்லம்மா, நீ என்ன பண்ணுவ" என்று சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் மறந்திருப்பாள்.

ஸ்டேப்ளரும் கோந்து பாட்டிலும் அன்று மேசைக்கு வந்தவை. இடப்பக்கம் இருப்பது முந்தி நடந்தது.

போன வியாழக்கிழமை மதியம், வெட்டு இயந்திரத்தில் வேலை பார்க்கும் பெண் எதிரே உட்கார்ந்திருந்தாள். வலக்கையில் பெரிய கட்டு. உள்ளே இரண்டு விரல்கள் இல்லை. ஸ்டேப்ளர், கை சிக்கியது. கோந்து பாட்டில், இயந்திரத்தின் பாதுகாப்பு மூடியைக் கழற்றியது. அவளும் ரத்தத்தில்தான் தொடங்கினாள். அக்கா அவசரப்படுத்தவில்லை. கடைசியில் தாழ்ந்த குரலில் வந்தது: "மூடி அன்னிக்குக் காலையிலேயே இல்லக்கா. வேல சீக்கிரம் ஓடணும்னு சூப்பர்வைசர்தான் கழட்டச் சொன்னாரு."

சூப்பர்வைசர் அறையிலேயே இருந்தார். கேனிலிருந்து தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். சிக்கிய கையை வெளியே எடுக்கத்தான் மூடியைக் கழற்றினோம் என்பது அவர் கட்சி. அப்படியே எழுதிப் போனால், மூடி இருந்தும் இவள் கையை விட்டாள் என்றாகும். கவனக்குறைவு என்று வேலையிலிருந்து நிறுத்துவார்கள். அந்தக் கைக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள்?

டம்ளரோடு மேசைக்கு வந்தவர், கோந்து பாட்டிலைத் தூக்கி ஸ்டேப்ளருக்கு வலப்பக்கம் வைத்தார்.

"சின்ன விஷயம்மா. நீயும் இங்கதான வேல பாக்கணும்."

குரலில் கோபமே இல்லை. அக்காவுக்குப் படுக்கையில் கிடக்கும் வீட்டுக்காரர் நினைவுக்கு வந்தார். அப்புறம் அடிக்கிறேன் சார் என்று எப்படியோ சொன்னாள். இப்போதே அடிக்கச் சொல்லி, அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். அவர் மூச்சு அவள் உச்சந்தலையில் பட்டது.

அந்தப் பெண் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா பாட்டிலை எடுத்தாள். ஸ்டேப்ளருக்கு இடப்பக்கம் வைத்தாள். தோளுக்கு மேலாகச் சூப்பர்வைசரின் கை நீண்டு வந்தது. அது வந்து சேருவதற்குள் இடது உள்ளங்கையால் பாட்டிலின் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பத்து விரலால் பறக்கிறவள், மிச்சமிருந்த ஒரு கையால் எழுத்துகளைத் தேடித் தேடித் தட்டினாள். ஹெச். ஏ. டி.

வரி முடிந்து புள்ளி வைத்த பிறகும், பாட்டிலிலிருந்து கையை எடுக்கவில்லை.