வரப்பில் வழி விட்டவர்

திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தேன். வீரையன் சைக்கிளை வாசலில் சாத்திவிட்டு உள்ளே வந்தார். விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர். எங்கள் சேவைச் சங்கத்து வாசல்படியை ஒரு நாளும் மிதிக்காதவர். துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"மருந்துக்கடை அய்யா போயிட்டாருங்க. கடையிலயே, உக்காந்தபடி."

எனக்கு வந்தது கோபம்தான். "நல்லாப் பாத்தீங்களா?" என்று அவரிடமே சண்டைக்குப் போனேன். அவர் என் கையில் இருந்த நாற்காலியை வாங்கிப் போட்டு, என்னை அதில் உட்கார வைத்தார்.

மருந்துக்கடை சபாபதி அவர்களைப் பற்றிச் சங்க மலருக்கு எழுதுங்கள் என்று, அவர் வகித்த பதவிகளையும் நடத்திய முகாம்களையும் குறித்துக் கொடுத்திருக்கிறார்கள். அதையெல்லாம் வேறு யாராவது எழுதட்டும். உலகம் பூராவும் கிளை உள்ள ஒரு சங்கத்துக்கு நம் கடைத்தெருவிலும் பலகை மாட்டியவர் அவர். புயல் வருஷத்தில் இடுப்பளவு தண்ணீரில் அரிசி மூட்டை சுமந்தவர். இது ஊருக்கே தெரியும். ஊருக்குத் தெரியாதது ஒன்று என்னிடம் இருக்கிறது. இனி அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

அவர் தலைவராகவும் நான் செயலாளராகவும் இருந்த வருஷம் ஊரில் கூலித் தகராறு. மிராசுதார்கள் வெளியூர் ஆளை இறக்க, காலனி ஆட்கள் மறிக்க, வயலெல்லாம் போலீஸ். எங்கள் சங்கத்தில் பாதிப் பேர் மிராசுதார்கள். மீதிப் பேர் அவர்களை நம்பிப் பிழைப்பவர்கள். உரக்கடை வைத்திருந்த நான் இரண்டாவது ரகம். அந்த நேரம் பார்த்து வெளிநாட்டுக் கிளை ஒன்று ஒரு மரப்பெட்டி அனுப்பியது. பெட்டி நிறைய மூக்குக் கண்ணாடி. எல்லாம் பழையவை. அங்குள்ள உறுப்பினர்கள் வீடு வீடாக வாங்கி, துடைத்து, பவர் குறித்து அனுப்பியவை.

"காலனியில முகாம் போடுவோம்" என்றார் தலைவர்.

"வேற வேலையே இல்லையா உங்களுக்கு?"

"எப்படி இருக்கும், உரக்கடைக்காரரே? வேலை நிறுத்தமாச்சே" என்று சிரித்தார்.

முகாமில் முதல் ஆளாக வந்து நின்றவர் அஞ்சலை. களையெடுப்பில் கைராசிக்காரர் என்று பெயர். வெள்ளெழுத்து வந்ததிலிருந்து களையென்று நினைத்துப் பயிரைப் பிடுங்க ஆரம்பித்துவிட்டார். தகராறு தீர்ந்தாலும் அவரை எவன் வயலில் இறக்குவான்? வீட்டில் சம்பாதிக்க வேறு ஆளும் இல்லை. டாக்டர் சோதித்துப் பார்த்து, பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து மாட்டினார். அஞ்சலை தன் உள்ளங்கையைப் பார்த்து "யம்மாடி!" என்று சிரித்தார்.

அங்கேதான் தலைவர் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். "இது யாருதுங்க?" என்று அஞ்சலை கேட்டதும், "அந்த ஊர்ல யாரோ போட்டிருந்ததும்மா. இறந்துபோனவங்க கண்ணாடியை வீட்டுக்காரங்க இப்படித் தானமாக் குடுப்பாங்க" என்று சொல்லிவிட்டார்.

அஞ்சலை அதைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் கையை உதறினார். வீரையன் முன்னால் வந்தார்.

"செத்த வீட்டுத் துணியும் பாயும் இத்தனை காலம் எங்க தலையிலதான் விழுந்துச்சு. இனிமே வாங்கறதில்லன்னு இப்பத்தான் எங்க சங்கக் கொடி மரத்தடியில சத்தியம் பண்ணிட்டு வந்திருக்கோம். இப்ப வெளிநாட்டுப் பொணத்தோடதா? நல்லா இருக்குங்க உங்க சேவை! நீங்க போடுவீங்களா?"

தலைவர் தன் கண்ணாடியைக் கழற்றினார். தஞ்சாவூரில் வாங்கிய புதுசு. "டாக்டர், இந்த அம்மாவுக்கு இது சேருமா பாருங்க" என்றார். சேர்ந்தது. "இது உயிரோட இருக்கிறவன் கண்ணாடிம்மா" என்று இரண்டு கையாலும் அஞ்சலையிடம் நீட்டினார். பிறகு பெட்டிக்குள் கைவிட்டுத் தன் பவருக்கு அகப்பட்டதை எடுத்து மாட்டிக்கொண்டார். பொம்பளைக் கண்ணாடி. ஓரம் இரண்டும் பூனைக் காது மாதிரி தூக்கி, அதில் வெள்ளைக் கல் வேறு! கூட்டம் கொல்லென்று சிரித்தது. வீரையனும் சிரித்துவிட்டார். அப்புறம் சிலர் வாங்கிக்கொண்டார்கள், சிலர் வாங்கவில்லை. தகராறு தீர்ந்ததும் அஞ்சலை வயலில் இறங்கினார்.

அந்தக் கண்ணாடியைத் தலைவர் மாற்றவே இல்லை. கடைத்தெருவே கேலி செய்தது. நானும்தான்.

ஒரு நாள் உச்சிப்பொழுது. மதகு ஒன்றைச் சங்கச் செலவில் செப்பனிடுவதற்காகப் பார்க்கப் போனோம். புதிதாக நட்ட வயல், ஆள் அரவமே இல்லை. வரப்பில் முன்னால் போன தலைவர் சட்டென்று சேற்றில் இறங்கி ஒதுங்கி நின்றார். பண்ணையார் எதிரே வந்தால் ஒரு காலத்தில் காலனிக்காரர்கள் அப்படித்தான் இறங்கி நிற்பார்கள். இவர் யாருக்கு இறங்குகிறார்? எதிரே ஒருவரும் இல்லை. காற்றும் இல்லை. வரப்புப் புல் மட்டும் மிதிபட்ட மாதிரி அங்கங்கே சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது.

"யாருக்குங்க?" என்றேன். என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.

"வெள்ளெழுத்துக் கண்ணாடியில தூரம் மங்கலாத்தானே தெரியணும்? வயலு, மரம் எல்லாம் மங்கல்தான். அந்த அம்மா மட்டும் தெளிவாத் தெரியறாங்க. வயசான வெள்ளைக்காரம்மா. சேறு படாம ஒரு கையால கவுனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு வராங்க."

"கழட்டித் தொலைங்க அதை!" என்று கத்தினேன்.

"நான் இதைக் கழட்டினா, என்னுதைத் திருப்பிக் குடுக்கணும்னு அஞ்சலையும் கழட்டிடுவாங்க. அவங்க பொழப்புப் போயிடும்" என்றார். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, உரக்கடைக்காரரே."

சொல்லவில்லை. என் வீட்டில்கூடச் சொல்லவில்லை.

பட்டுக்கோட்டை தேங்காய் மண்டிக்காரர் ஒருவர் எங்கள் சங்கத்தின் மாவட்ட ஆளுநராகி எங்கள் கிளைக்கு வந்தார். மேடையில் தலைவருக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. உட்காரப் போன ஆளுநரின் கையைப் பிடித்து, "அங்க வேணாங்க, ஆள் இருக்காங்க" என்றார் இவர். நான் பல்லைக் கடித்துக்கொண்டு வேறு நாற்காலி கொண்டுவந்தேன். மணி அடித்துக் கூட்டம் தொடங்கியதும் அந்தக் காலி நாற்காலியின் பிரம்பு கிறீச்சிட்டது. ஆளுநர் அதைத் திரும்பிப் பார்த்தார். விருந்து சாப்பிடாமலே காரேறிவிட்டார்.

"கண்ணாடி அனுப்பின கிளைக்கு எழுதி, அந்த அம்மா யாருன்னு கேக்கலாமே" என்றேன் பிறகு.

"எதுக்கு? அவங்களேதான் வந்திருக்காங்களே."

"பயமா இல்லையா உங்களுக்கு?"

"அவங்களுக்குத்தாங்க பயம். தெரியாத ஊரு."

இப்படிப்பட்ட மனுஷரை நான் இனி எங்கே பார்ப்பேன்?

செவ்வாய்க்கிழமை காலை அவரைத் தூக்கினோம். அவர் சொல்லி வைத்திருந்தபடி முகத்தில் அந்தக் கண்ணாடி இருந்தது. வாசலில் யாரோ ஒரு வாய்த்துடுக்கு, "அஞ்சலை, நீ போட்டிருக்கறதும் இப்ப செத்தவரு கண்ணாடிதான்" என்றது. அஞ்சலை கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கழற்றவில்லை.

சுடுகாட்டுக்கு வரப்பு வழிதான். வீரையன் முன்னால் தோள் கொடுத்தார். காலனிப் பெண்கள் வாசலிலிருந்து எங்களுக்கு முன்பே போய், வழியில் சேற்றில் இறங்கி நின்றார்கள். பாடை போனது, கூட்டமும் போனது. முழங்கால் வலியோடு நான் கடைசியில் வந்தேன். மற்ற பெண்கள் வரப்பேறிவிட்டார்கள். அஞ்சலை மட்டும் அப்படியே ஒதுங்கி நின்றார்.

"எல்லாரும் போயாச்சேம்மா, மேல ஏறுங்க."

"இருங்கய்யா. இன்னும் ரெண்டு பேரு வராங்க."

நாங்கள் வந்த வழியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். எனக்கு அங்கே வெறும் வரப்புதான் தெரிந்தது.

"தலைவரு முன்னால வராரு. பின்னால ஒரு வெள்ளக்காரம்மா. கவுனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு வருது பாவம், வரப்புல நடக்கத் தெரியல."

வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, நானும் சேற்றில் இறங்கி அஞ்சலைக்குப் பக்கத்தில் நின்றேன். புல் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது.

பார்த்துப் போங்கள், தலைவரே. அந்த அம்மாவைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போங்கள்.