தங்கையின் கிளட்சும் இரண்டு வெள்ளைக் கோடுகளும்

என் தங்கைக்கு முப்பத்தாறு வயது. தகடு அடிக்கும் தொழிற்சாலையில் பதினாலு வருடம் அழுத்த இயந்திரத்தில் நின்றாள். இப்போது அங்கேயே அளவு சரிபார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ரிமோட் கார் பந்தயம் ஓட்டுகிறாள். பொம்மை என்று நினைக்க வேண்டாம். முழங்கை நீளம்தான், ஆனால் நான்கு சக்கரமும் இழுக்கும். மண்மேட்டில் ஏறி ஆள் உயரத்துக்குப் பறக்கும்.

நான் துணி தைப்பவள், எட்டாவது வரை படித்தவள். என் தையல் மேசையின் ஒரு பாதி அவள் வண்டிக்குப் போய் ஆறு வருடமாகிறது. அதனால் எனக்கும் கொஞ்சம் தெரியும்.

அந்த வண்டியில் சிலிப்பர் கிளட்ச் என்று ஒன்று உண்டு. மோட்டார் சுழற்றும் பெரிய பிளாஸ்டிக் பல்சக்கரத்தை இருபுறமும் இரண்டு வில்லைகள் கவ்வியிருக்கும். வெளியே ஒரு ஸ்பிரிங், ஒரு நட்டு. நட்டை ரொம்ப இறுக்கினால், வண்டி பறந்து வந்து விழும்போது அதிர்ச்சி முழுவதும் பல்லில் இறங்கி, பல் மழுங்கிப்போகும். ரொம்பத் தளர்த்தினால் பல்சக்கரம் வழுக்கி வழுக்கிச் சூடேறி உருகும். கிளம்பும்போது கொஞ்சம் வழுக்கிப் பிறகு பிடிக்க வேண்டும். அந்தக் கொஞ்சத்தை எல்லோரும் காதால்தான் வைப்பார்கள். வண்டி கிளம்பி இரண்டு சாண் தூரம் ஓடும்வரை மெல்லிய கீச்சொலி கேட்டு அடங்கினால் சரி. இந்த விஷயத்தில் தங்கையின் காது பேர்போனது. "கொஞ்சம் கேட்டுச் சொல்லும்மா" என்று ஆண்கள் வண்டியைத் தூக்கிக்கொண்டு அவளிடம் வருவார்கள். பக்கத்தில் நின்று பார்க்க எனக்குப் பெருமையாக இருக்கும்.

போன வருடம் அந்தக் கீச்சொலி அவளுக்குக் கேட்காமல் போனது. தொழிற்சாலை இரைச்சல் தின்றுவிட்டது, திரும்பாது என்றார் மருத்துவர். காதில் கருவி வைத்தால் பேச்சு கேட்கிறது. பந்தயத் திடலில் எல்லாம் ஒரே இரைச்சல். என்னைத் தவிர அவள் யாரிடமும் சொல்லவில்லை. குத்துமதிப்பாக இறுக்கினாள். அடுத்தடுத்து மூன்று பந்தயத்தில் பல் மழுங்கி வண்டி பாதியில் நின்றது.

நாலாவதும் நின்றால், பந்தய மன்றத்தின் விதிப்படி ஒரு வருடம் புதியவர்கள் பிரிவில் ஓட்ட வேண்டும். கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர், அவளோடு எப்போதும் போட்டி போடுபவர், சிரித்துக்கொண்டே கேட்டார்: "நட்டு கழண்டது வண்டிக்கா, உனக்கா?"

தங்கையும் சிரித்தாள். பேருந்தில் ஏறியதும் என்னிடம், "அக்கா, அவரு என்ன சொன்னாரு?" என்றாள்.

சொன்னேன். "கேக்கலன்னா என்ன, கண்ணால பாத்துட்டுப் போறேன்" என்றாள்.

அன்று மாலை என் வெள்ளை நகப்பூச்சை எடுத்தாள். பல்சக்கரத்திலும் அதைக் கவ்விய வில்லையின் தகட்டிலும் சேர்ந்தாற்போல் குண்டூசி முனையால் ஒரு கோடு இழுத்தாள். வழுக்கினால் கோடு இரண்டாகப் பிரிந்து சுற்றும். பிடித்தால் இரண்டும் சேர்ந்தே ஓடும். கைப்பேசியில் மெதுவாக ஓடும் படம் எடுத்தால் தெரியும். வீட்டு நடையில் என் தையல் டேப்பை விரித்து வண்டியை அதன் ஓரமாகக் கிளப்பினாள். நான் படம் பிடித்தேன், நோட்டில் எழுதினேன். கோடு பிரியவே இல்லை. தினமும் நட்டை அரைக்கால் சுற்று தளர்த்தினாள். முழு இறுக்கத்திலிருந்து மூன்று சுற்று தளர்ந்த பிறகுதான் அந்த இரண்டு சாண், பதினெட்டு அங்குலம், வந்தது. "வந்துருச்சு அக்கா!" என்று என்னைக் கட்டிக்கொண்டாள்.

பந்தய நாளில் காலை ஓட்டம் ஒன்று, மதிய ஓட்டம் ஒன்று. இரண்டில் ஒன்றையாவது முழு ஐந்து நிமிடம் ஓட்டி முடிக்க வேண்டும். காலையில் இரண்டாவது நிமிடமே தீய்ந்த வாடை வந்தது. அவள் மூக்குக்கு ஒரு குறையும் இல்லை. மூடியைக் கழற்றினால் பல்சக்கரம் உருகி வழிந்திருந்தது.

அவள் அழவில்லை. குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்துப் பார்த்தாள்.

"தரை, அக்கா! வீட்ல டைல்ஸ். அங்க டயர்தான் வழுக்கிருக்கு, கிளட்ச் இல்ல. டயர் வழுக்க வழுக்க நான் நட்டைத் தளர்த்திக்கிட்டே இருந்திருக்கேன். இங்க மண்ணுல டயர் பிடிக்குது, கிளட்ச்தான் வழுக்கி உருகிருச்சு."

அத்தனை நாளும் நோட்டில் எழுதியவள் நான். எனக்கும் உறைக்கவில்லை.

சாப்பாட்டு இடைவேளையில் புதுப் பல்சக்கரம், புது வில்லை போட்டாள். மறுபடி கோடு இழுத்தாள். நேரம் குறிக்கும் வாத்தியாரிடம் கேட்டு, திடலின் ஓரத்தில் டேப்பை விரித்தோம். நான் புடவையோடு குப்புறப் படுத்துப் படம் பிடித்தேன்.

கண்ணாடிக் கடைக்காரர் வந்து நின்றார். "என்னம்மா, வண்டிக்கு அளவெடுத்துச் சட்டை தைக்கிறீங்களா?"

"ஆமாங்க. உங்களுக்கும் எடுக்கலாம். டேப்புதான் பத்தாது" என்றேன்.

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். தங்கை எழுந்து அவர் முகத்தைப் பார்த்தாள். "எனக்குக் கீச்சு சத்தம் கேக்கறதில்லீங்க. போன வருஷத்துலேருந்து. அதான் கோடு போட்டுப் பாக்குறேன். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, நிழல் விழுது."

அவர் தள்ளி நின்றார்.

முக்கால் சுற்று தளர்த்தியதில் கோடு பிரியவில்லை. ஒரு சுற்றில் ஒன்பது அங்குலம். ஒன்றேகாலில் பதினேழு. "சூடானதும் மாறும்" என்று இன்னும் நாலு முறை கிளப்பினாள். பத்தொன்பதில் நின்றது. ஸ்பேனரைப் பைக்குள் போட்டு என்னிடம் கொடுத்தாள். "நான் கேட்டாலும் தராத."

மதிய ஓட்டத்தில் பத்து வண்டிகள். நான் மேடுகளை மட்டும் எண்ணினேன். ஒவ்வொரு முறை அவள் வண்டி விழும்போதும் நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். நாலாவது நிமிடம் கவிழ்ந்தது. திடலில் நின்றவர் திருப்பி வைத்தார். அங்கே நாலு நொடி போனது. அவள் விசையை மெதுவாகத்தான் அழுத்தினாள். வண்டி கிளம்பியது. ஐந்து நிமிடம் முடிந்த மணி எனக்குக் கேட்டது. அவளுக்கு வாத்தியார் கை தூக்கிக் காட்டினார். ஏழாவது இடம்.

ஓட்டுபவர்கள் நிற்கும் மேடையிலிருந்து இறங்கியவள் யார் கையையும் குலுக்கவில்லை. முதலில் மூடியைக் கழற்றினாள். விரல் நுனியால் பல்சக்கரத்தை ஒரு முழுச் சுற்று சுற்றி, ஒவ்வொரு பல்லாகத் தடவினாள். எண்பத்தொன்றும் இருந்தன.

"எழுதிக்கோ அக்கா. ஒன்னேகால்."

எழுதினேன். பக்கத்தில் 'மண் தரை' என்று நானே சேர்த்து, அடிக்கோடும் போட்டேன்.