பத்து மொட்டையும் ஒரு கட்டமும்

அரசாங்க மானியம் சரியான ஆளுக்குப் போய்ச் சேருகிறதா என்று பார்ப்பது என் உத்தியோகம். அதாவது, ஒழுங்காக நடக்கிற இடத்தில் நுழைந்து ஒரு தப்பைக் கண்டுபிடிப்பது. பாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் ஜன்னலாக அலைந்த அன்பர்களே, உங்களை அலையவிட்ட பாவிகளில் நானும் ஒருத்தன். எழுபதுகளின் கடைசியில் என்னைத் திருத்தணிக்குப் போட்டார்கள். புருஷனிடம் அடிபட்டு ஓடிவந்த பெண்களுக்கு அங்கே மலையடிவாரத்தில் ஒரு விடுதி இருந்தது.

காலிக் கட்டம்

விடுதியில் பத்துப் பேர். பத்து விண்ணப்பத்திலும் போட்டோ இருந்தது. 'பாதுகாவலர் கையெழுத்து' என்ற கட்டம் மட்டும் காலி. கல்யாணமான பெண்ணுக்குப் பாதுகாவலர் புருஷன்தான், விதி அப்படி. இது நிரம்பாவிட்டால் மானியம் நின்றுவிடும், விடுதியைப் பூட்ட வேண்டியதுதான் என்று கறாராகச் சொன்னேன். விடுதியை நடத்திய ராஜம்மா குரலை உயர்த்தாமல் கேட்டார்: "கையை ஒடிச்சவன்கிட்டயே போய்க் கையெழுத்து வாங்கிகினு வரணுங்களா சார்?"

நான் போட்ட கார்டு

கை ஒடிந்தவள் சரசு. புருஷன் அம்மையார்குப்பத்தில் தறி நெய்கிறவன். 'விடுதிக்கு நேரில் வந்து கையெழுத்திடவும்' என்று அவனுக்கு நானே ஒரு கார்டு எழுதினேன், முழு விலாசத்தோடு. அவன் இத்தனை நாளும் தேடிக்கொண்டிருந்ததே அந்த விலாசத்தைத்தான் என்பது இந்த மரமண்டையில் ஏறவில்லை. தபாலில் போட்டுவிட்டு ராஜம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "நாங்க ஒளிச்சு வச்சதை நீங்க ஸ்டாம்பு ஒட்டி அனுப்பிட்டீங்களே சார்!"

சந்தன வரிசை

அடுத்த வாரம் ஆடிக் கிருத்திகை. காவடிக் கூட்டத்தில் இடிபட்டு, மிதிபட்டு, ஆட்களைப் போட்டோவோடு சரிபார்க்கப் போய்ச் சேர்ந்தேன். கூடத்தில் பத்து மொட்டை! ஊரே மொட்டையடித்துச் சந்தனம் பூசித் திரிகிற நாளில், சரசு ஒருத்தி மறைய வேண்டும் என்பதற்காகப் பத்துப் பேரும் மலையேறி முடி இறக்கிவிட்டு வந்திருந்தார்கள்.

மனசு என்னமோ செய்தது. ஆனால் பேனா கேட்கவில்லையே! போட்டோவில் பத்துப் பேருக்கும் பின்னல், எதிரே பத்தும் மொட்டை. 'போட்டோவில் உள்ள எவரும் விடுதியில் இல்லை' என்று பதிவேட்டில் எழுதி முத்திரையும் குத்திவிட்டேன். அதை எட்டிப் பார்த்த சரசு சொன்னாள்: "முருகன் கேட்டது முடியை மட்டுந்தாங்க. நீங்க ஆளையே எடுத்துட்டீங்க."

வந்துவிட்டான்

முத்திரை மை காயவில்லை. கார்டை நீட்டிக்கொண்டு வாசலில் நின்றான் அவன். "சரசு எங்க சார்? இடுப்பு வரைக்கும் முடி இருக்கும்."

பத்துப் பேரும் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்கள். பின்னாலிருந்து பார்த்தால் பத்தும் ஒரே சந்தனம். அதில் ஒரு முதுகு மட்டும் நடுங்கியது. கார்டு போட்ட கையை வெட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. பதிவேட்டைத் தூக்கி அவன் முகத்துக்கு நேரே பிடித்தேன். எழுத்துக்கூட்டிப் படித்தான். முத்திரையைத் தடவிப் பார்த்தான். "ஆங்... கவர்மெண்டே இல்லைன்னு எழுதிகீதே, அப்ப இருக்க மாட்டா" என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டான்.

மேலதிகாரியின் கைக்குட்டை

தப்பித்தது சரசு; மாட்டிக்கொண்டது விடுதி. ஆளே இல்லை என்று நானே எழுதிய இடத்துக்கு மானியம் எப்படி வரும்? பக்கத்தைக் கிழிக்கவும் முடியாது. அப்படியே சென்னைக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, மேலதிகாரியிடம் நடந்ததைக் கொட்டினேன். அவர் தலையில் கட்டியிருந்த கைக்குட்டையை மெதுவாக அவிழ்த்தார். பளபளவென்று மொட்டை! "என் ரயில் பாஸ் போட்டோலயும்தான்யா முடி இருக்கு. புதுப் போட்டோ ஒட்டச் சொல்லிட்டுப் பாஸ் பண்ணு."

கட்டம் நிரம்பியது

மிச்சம் இருந்தது அந்தக் கட்டம். புதுப் போட்டோ ஒட்டின அன்று, யாரிடமும் கேட்காமல் சரசு பேனாவை வாங்கினாள். கோணலாகச் சேர்ந்திருந்த கையால் தன் பெயரையே எழுதினாள். நான் விதியைச் சொல்ல வாய் திறந்தேன். "அவன்கிட்டருந்து என்னைக் காப்பாத்திக் கூட்டிகினு வந்தது நான்தானே சார்?" என்றாள். பேனா மற்ற ஒன்பது பேரிடமும் போய்த் திரும்பியது; பத்திலும் முத்திரை குத்தினேன்.

ஓய்வு பெறும்வரை நான் எழுதிய குறிப்புகளில் ஒரு பெண்ணுக்கு உபயோகப்பட்டது ஒன்றே ஒன்றுதான், அதுவும் சுத்தப் பொய்.