லண்டனில் கொடுத்த ரத்தம்

சுனாமியன்று கடல் எங்கள் ஊர் பெரியகல்லாற்றுக்குள் ஏறி வந்த காலையில் அப்பா கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்தார். அடுத்த நாள் ஆஸ்பத்திரி முற்றத்தில் கிடத்தியிருந்த உடல்களில் ஒன்றைக் காட்டி, இதுதான் அப்பா என்றார் அம்மா. முகம் என்று ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. அதே உடலின் காலைப் பிடித்துக்கொண்டு இன்னொரு பெண்ணும் அழுதாள்.

"கைய எடுகா! என்ட மனிசன்ட காலு எனக்குத் தெரியாதா?"

கத்திக்கொண்டே அம்மா அவளுடைய தலைமயிரைப் பிடித்து இழுத்தார். இருவரும் பிணத்தின் மேலேயே விழுந்தார்கள். யாரும் விலக்கிவிடவில்லை. எல்லாரும் தங்கள் ஆட்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

நான் அப்போது பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தேன். மனித மரபணுத் தொகுதியை வாசித்து முடித்துவிட்டார்கள் என்று விரிவுரையில் கேட்டு அதிசயித்துப்போயிருந்த காலம். வாசித்ததைவிட, வாசித்தவர்கள் செய்ததுதான் என்னை மயக்கியது. ஒரு கம்பனி அந்த மரபணு எழுத்துகளைக் காசுக்கு விற்கப் பார்த்தபோது, பல நாட்டு விஞ்ஞானிகள் தாங்கள் வாசித்ததை உடனுக்குடன் இணையத்தில் போட்டார்கள். யாரும் எடுக்கலாம், எவரிடமும் கேட்கத் தேவையில்லை. உலகத்தில் இப்படியும் நடக்கிறதே என்று நம்பினேன்.

அந்த நம்பிக்கையோடு டாக்டரிடம் ஓடினேன். "டிஎன்ஏ பாத்தா ஆருட ஆள் எண்டு தெரியும் டொக்டர். என்ட ரத்தத்த எடுங்க."

அவர் மூக்கில் கட்டியிருந்த துணியை இறக்காமலே சொன்னார்: "தங்கச்சி, இஞ்ச மூடுறதுக்குச் சீலை இல்ல. பொழுது படமுந்தி எல்லாத்தையும் புதைக்கணும்."

உடலை அந்தப் பெண்ணுக்குக் கொடுத்தார்கள். அவளுக்காகச் சத்தம் போட அண்ணன் தம்பிமார் நின்றார்கள். எங்களுக்கு நின்றது பள்ளிக்கூடம் போகிற தம்பி மட்டும். அண்ணா லண்டனில், விசா இல்லாததால் வர முடியாமல்.

பிறகு தம்பியும் போனான். டியூஷன் முடிந்து வந்தவனைப் புலிகள் இயக்கம் வழியில் வைத்துக் கொண்டுபோனது. யுத்தம் முடிந்த கிழமை, வன்னியில் இராணுவத்திடம் சரணடைந்தவர்களோடு அவன் பஸ்ஸில் ஏறியதைக் கண்டதாக ஒருவர் சொன்னார். அதற்குப் பிறகு தகவல் இல்லை. அம்மா ஏறாத அலுவலகம் இல்லை. ஓரிடத்தில், தம்பியை அடையாளம் காணத் தன் ரத்தத்தை எடுத்துவைக்கச் சொல்லிக் கையை நீட்டினார்.

"பொம்புளையள்ட சரிவராது. ஆம்புளச் சகோதரம் இருந்தாக் கூட்டி வாங்க" என்றார் அங்கிருந்த அதிகாரி.

"தாய்ட ரத்தமே போதும் சேர்" என்றேன்.

"நீங்க டொக்டரா?"

அப்போது நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிற டீச்சர். அம்மா நீட்டிய கையை இறக்கிவிட்டேன்.

அந்த நாட்களில்தான் அண்ணா போனில் பெருமையாகச் சொன்னார். லண்டன் தமிழரிடம் ஓர் ஆய்வுக்கு ரத்தம் எடுத்தார்களாம், தானும் கொடுத்தாராம். மரபணு முழுவதையும் வாசித்து எல்லாருக்கும் பொதுவாகப் போடுவார்களாம். போட்டுவிட்டார்கள் என்று கேட்டதும் அம்மா என்னைக் கல்முனைக்கு இழுத்துக்கொண்டு போனார். நெட் கபேயில் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். நான்கே நான்கு எழுத்துகள், முடிவில்லாமல்.

"இதில என்ட மூத்த மகன் எது?"

"பேர் போட மாட்டாங்கம்மா. ஆருட எண்டு வெளியில தெரியக்கூடாது."

"ஆருக்குக் காட்டுறதுக்குப் போட்டிருக்காங்க?"

"எல்லாருக்கும்."

"அப்ப இத எடுத்துத் தம்பியத் தேட ஏலாதா?"

"ஏலாதம்மா. அண்ணாதான் வரணும்."

பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கிடைத்த பிறகுதான் அண்ணா வந்தார். வாசலில் கட்டிப்பிடிக்க வந்தவரை அம்மா நிறுத்தி, "வெள்ளக்காரனுக்கு எந்தக் கையில ரத்தம் குடுத்தாய்?" என்று கேட்டார். அவர் சிரித்துக்கொண்டே இடது கையைக் காட்டினார். "அந்தக் கையத் தம்பிக்கு எப்ப நீட்டினாய்?" அண்ணாவின் முகம் செத்துப்போனது.

மறுநாள் மூவரும் அந்த அலுவலகத்துக்குப் போனோம். பழைய அதிகாரி மாறிப் போயிருந்தார். புதியவர் மரியாதையாக உட்காரச் சொன்னார். அண்ணா சட்டைக் கையை மடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"ரத்தத்த எதோட ஒப்பிடுறது?" என்று கேட்டார் அதிகாரி. "உடல் ஒண்டு கிடைக்கணும். எலும்பெண்டாலும் வேணும். உங்களிட்ட இருக்கா?"

அம்மா எழும்பினார். அந்த மனிதரை ஒன்றும் சொல்லவில்லை. அண்ணாவைப் பார்த்துத்தான் சொன்னார்.

"இவன் செத்து அவன் இருந்திருக்கலாம்."

அறையில் இருந்த எல்லாருக்கும் கேட்டது. அதிகாரி மேசையைப் பார்த்தார். அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினேன். அவர் என் கையைத் தட்டிவிட்டு வெளியே நடந்தார்.

அண்ணா டிக்கெட்டை மாற்றிக்கொண்டு அந்தக் கிழமையே புறப்பட்டார். வேன் வந்து நின்றபோது அம்மா குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். "போயிட்டு வாறன்" என்று அண்ணா இரண்டு தரம் சொன்னார். கத்தி நிற்கவில்லை.

இப்போதும் மாதம் ஒருமுறை அவர் லண்டனிலிருந்து போன் எடுக்கிறார். போனை அம்மாவிடம் நீட்டுவேன். "பிழையான நம்பர் எண்டு சொல்லு" என்பார், அண்ணாவுக்குக் கேட்கும்படியாக.