சத்தம் காட்டும் பந்துகள்

மூன்றாம் வகுப்பு டீச்சருக்குக் குரல் ஒரேயடியாகப் போய்விடவில்லை. முதலில் கரகரத்தது. அப்புறம் பாட்டு சொல்லிக்கொடுக்கும்போது பாதியில் நின்றது. கடைசியில் ஒரு காலை, வருகை எடுக்கும்போது வாய் மட்டும் அசைந்தது, வெறும் காற்றுதான் வந்தது. குரல் நாணில் முடிச்சு என்று சிறிய அறுவை சிகிச்சை செய்தார்கள். இனிமேல் கத்தினால் இருப்பதும் போய்விடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். கணவர் பஸ் கண்டக்டர், நாள் முழுக்கத் தொண்டை கிழியக் கத்துகிறவர். ரெண்டு பேருக்கும் சேர்த்து நானே கத்திக்கொள்கிறேன், நீ சும்மா இரு என்று சமாதானம் சொன்னார்.

ஆனால் வகுப்பில் சும்மா இருக்க முடியுமா? எட்டு வயதுப் பிள்ளைகளைக் கிசுகிசுத்து அடக்கின ஆள் யாரும் இல்லை. டீச்சர் பழைய லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு இணையத்தில் தேட ஆரம்பித்தார். காசு கேட்ட பக்கங்களை மூடினார், கேட்காதவற்றைப் பிடித்துக்கொண்டார். நேரம் முடிந்தால் மணி அடிக்கும் கடிகாரம் ஒன்று கிடைத்தது. பாடத்தைத் தட்டச்சு செய்து போட்டால் வாசித்துக் காட்டும் பெண்குரல் ஒன்று கிடைத்தது. அந்தக் குரல் வாழைப்பழத்தை வாளைப்பளம் என்று வாசிக்கும், பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து அதைத் திருத்துவார்கள். டீச்சருக்கு உள்ளூரச் சிரிப்பு வரும். பக்கத்து வகுப்பு டீச்சர்கள் அவருக்கு 'மியூட் மிஸ்' என்று பெயர் வைத்தார்கள். அவரும் கோபித்துக்கொள்ளவில்லை.

பிள்ளைகளுக்கு உயிரான சாமான் பந்துகள்தான். திரையின் அடியில் கலர் கலராகப் பந்துகள் கிடக்கும். லேப்டாப்பின் மைக்கில் சத்தம் விழுந்தால் அவை துள்ளும். சத்தம் கூடக்கூட உயரத் துள்ளும், அடங்கினால் படுத்துவிடும். ஒரு வாரத்தில் வகுப்பு வழிக்கு வந்துவிட்டது. பந்தைத் தூங்கவைப்பதே விளையாட்டாகிப்போனது. வாயாடி என்று வகுப்பே கூப்பிடுகிற சிறுமிகூட உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அவர்கள் வகுப்பு தரைத்தளத்தில் கடைசி அறை. ஒரு மத்தியானம் கையெழுத்துப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. பென்சில் உராய்வதைத் தவிர வேறு சத்தமில்லை. பந்துகள் எல்லாம் அடியில் கிடந்தன. அப்போது நீலப்பந்து ஒன்று மெல்ல எழும்பியது.

துள்ளவில்லை, எழும்பியது. கொஞ்சம் நின்று இறங்கியது. பிறகு எல்லாப் பந்துகளும் ஒன்றாக எழும்பி ஒன்றாக இறங்கின. தூங்குகிறவரின் நெஞ்சுக்கூடு ஏறி இறங்குகிற மாதிரி இருந்தது. பிள்ளைகள் எழுதுவதை நிறுத்திவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வாயாடி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு விரலிடுக்கு வழியாகச் சொன்னாள்:

"நான் இல்ல மிஸ். யாருமே பேசல மிஸ்."

டீச்சர் மின்விசிறியை நிறுத்தினார், ஜன்னலைச் சாத்தினார். பந்துகள் நிற்கவில்லை. பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பிவிட்டுத் தனியாக உட்கார்ந்து பார்த்தார். அப்போதும் அதே ஏற்றம், அதே இறக்கம். லேப்டாப்பை அடுத்த அறைக்குத் தூக்கிக்கொண்டு போனால் பந்துகள் அசையாமல் கிடந்தன. திரும்ப எடுத்துவந்து பெஞ்சுகளுக்கு நடுவே பின்பக்கமாக நடந்தார். நடக்க நடக்கப் பந்துகள் உயர்ந்தன. கடைசி பெஞ்சுக்கு வந்தபோது திரையின் மேல்விளிம்பில் போய் ஒட்டிக்கொண்டு நின்றன. அவர் மண்டிபோட்டுத் தரையில் காதை வைத்தார். எதுவும் கேட்கவில்லை. தரை மட்டும் சில்லென்று இருந்தது.

ஒலியைப் பதிந்து கோடாக வரைந்து காட்டும் இலவசக் கருவி ஒன்றும் அவரிடம் இருந்தது. அதையும் ஓடவிட்டார். கோடு நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது. சத்தமே இல்லை என்றது ஒரு கருவி, இருக்கிறது என்றது இன்னொன்று.

தலைமையாசிரியையிடம் போய்ச் சொன்னபோது, லேப்டாப்புக்கு வயதாகிவிட்டது, மைக் கெட்டுப்போயிருக்கும் என்று அந்தம்மா பேச்சை முடித்துவிட்டார். நியாயமான பேச்சுதான். ஆனாலும் டீச்சருக்கு மனசு ஒப்பவில்லை. பின்வரிசை பெஞ்சுகளை முன்னால் இழுத்துப்போட்டு, மூன்று பேர் இடத்தில் ஐந்து பேரை உட்காரவைத்தார். பின்னால் காலியாகக் கிடந்த தரையைப் பார்த்துக்கொண்டே பாடம் நடத்த அவராலேயே முடியவில்லை. இரண்டு நாள் பொறுத்தார். அடுத்த நாள் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிக்கொண்டுபோய் நூலக வராந்தாவில் உட்காரவைத்துவிட்டார்.

தலைமையாசிரியை வேகமாக வந்தார். மேலிடத்திலிருந்து பார்வையிட வருகிற நேரம், நல்ல அறையைப் பூட்டிவைத்துவிட்டு வராந்தாவில் வகுப்பா என்று கேட்டார். பிள்ளைகள் முன்னாலேயே கேட்டார்.

"அந்த ரூமுக்குப் பிள்ளைங்கள அனுப்ப மாட்டேன், மேடம்."

டீச்சர் அதைக் கிசுகிசுப்பாகச் சொல்லவில்லை. குரல் முழுசாக வெளியே வந்தது, தகரத்தைத் தரையில் இழுத்த மாதிரி. வராந்தாவே திரும்பிப் பார்த்தது. வெகுநாளாக யாரும் கேட்காத அந்தக் குரலைக் கேட்டுத் தலைமையாசிரியை ஒரு நிமிஷம் திகைத்துப்போனார். பிறகு, சரி, கொத்தனாரைக் கூப்பிட்டுத் தரையைக் காட்டிவிடுவோம், அதற்குப் பிறகாவது மறுபேச்சு பேசாமல் உள்ளே போங்கள் என்றார். டீச்சர் தலையாட்டினார். தொண்டைக்குள் உப்புக் கரித்தது.

மறுநாள் வந்த கொத்தனாருக்கும் நம்பிக்கை இல்லை. கடப்பாரையால் அங்கங்கே தட்டிக்கொண்டே போனார். கடைசி பெஞ்சு கிடந்த இடத்தில் ஓங்கி ஒன்று போட்டார். கடப்பாரை தரைக்குள் இறங்கியது, கையைவிட்டு நழுவியது, காணாமல் போனது. வாசலில் நின்றிருந்த தலைமையாசிரியையும் டீச்சரும் எட்டிப் பார்த்தார்கள். சற்றுக் கழித்து, எங்கோ வெகு கீழே, தண்ணீர் விழுங்கும் சத்தம் கேட்டது.

கொத்தனார் பின்பக்கமாகவே நகர்ந்து சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

"கிணறும்மா. பலகை போட்டு மேல பூசி விட்டிருக்காங்க. பலகை எல்லாம் மக்கிப்போச்சு."

பள்ளிக்கூடம் கட்டுவதற்கு முன்னால் யாருடைய கிணறோ, யாருக்கும் தெரியவில்லை. தலைமையாசிரியை டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டார். கிணற்றை மூட லாரி லாரியாக மண் போனது. பிள்ளைகளுக்கு மாடியில் வேறு அறை கொடுத்தார்கள். கீழே தண்ணீர் ஏறி இறங்குவது காதுக்கு எட்டாவிட்டாலும் மைக்குக்கு எட்டியிருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். டீச்சரும் அப்படியே நம்பினார்.

விடுமுறை நாட்களில் டீச்சர்கள் இணையத்தில் வீடியோ வழியாகக் கூடி, இலவசமாகக் கிடைப்பதை ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்கிற கூட்டம் ஒன்று உண்டு. அதில் ஒருநாள் பந்துகளைச் செய்தவரே வந்தார். வேறு ஊரில் பாட்டு வாத்தியார், கண்ணாடி போட்ட சாதுவான மனிதர். டீச்சர் நடந்ததையெல்லாம் தட்டச்சு செய்து, உங்கள் பந்துகள் பிள்ளைகளைக் காப்பாற்றின, நன்றி சார் என்று எழுதினார். வாத்தியார் அதை நிதானமாகப் படித்தார். முகத்தில் சந்தோஷம் வரவில்லை.

"டீச்சர், அப்படி வர வாய்ப்பே இல்லையே. ஃபேன், வண்டி, தண்ணிச் சத்தத்துக்கெல்லாம் பந்து அசையக் கூடாதுன்னு நான் தடுத்து வச்சிருக்கேன்."

அப்படியானால் எதற்கு அசையும் என்று டீச்சர் எழுதினார்.

"மனுஷக் குரலுக்கு மட்டுந்தான்."

டீச்சர் லேப்டாப்பை மூடிவைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்த் தண்ணீர் குடித்தார். வேலை முடிந்து வந்த கணவரிடம் அன்றே சொன்னார். அவர் வழக்கமாக எதற்கும் ஒரு கேலி வைத்திருப்பவர். அன்று கழற்றிய சட்டையை மாட்டக்கூட மறந்து கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

கொஞ்ச நாள் டீச்சர் பந்துகளைத் திறக்கவில்லை. பிறகு பிள்ளைகள் கேட்டுக்கேட்டுத் திறக்கவேண்டியதாயிற்று. மாடி அறையில் அவை ஒழுங்காகத்தான் இருக்கின்றன. பேசினால் துள்ளுகின்றன, அடங்கினால் படுக்கின்றன. ஆனால் இப்போது அந்த வகுப்பில் முழு அமைதி நீடிப்பதில்லை. எல்லோரும் அடங்கி, பந்துகளும் படுத்ததும், டீச்சரே தொண்டையைச் செருமி ஏதாவது சொல்லிவிடுகிறார். டாக்டர் திட்டுவார் என்று தெரிந்தும் சொல்கிறார். அவர் மறந்துவிட்டால் ஒருவன் இருமுகிறான், இன்னொருத்தி பென்சிலைக் கீழே போடுகிறாள். வாயாடி மட்டும் எதையாவது மெல்ல முணுமுணுத்துக்கொண்டே இருக்கிறாள். டீச்சர் அவளை இப்போது அதட்டுவதில்லை.